நாலு விரல்

வெட்ட வேண்டிய இடத்தைச்
சோக்குக்கட்டியால் கீறிவிட்டு
ஹில்மி தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.
பாலையூற்றுக் கராஜில்
நானும் டெய்ம்லரும் மிஞ்சினோம்,
பொனெட் திறந்தபடி.

போன ஆவணியில், உவர்மலை ஏற்றத்தில்,
மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார்.
பட்டுவேட்டியை மடித்துக் கட்டி,
தலைப்பாகை கழராமல்.
வீடியோக்காரன் ஒரு கணமும் விடவில்லை.
அதற்குப் பிறகு வந்த கலியாண ஓட்டம் இரண்டு:
ஒன்று, கதை கேள்விப்படாத ஆட்கள்.
மற்றது மச்சானின் மகள்.

பஞ்சிகாவத்தையில் ஒரு டொயோட்டா கிடக்கிறதாம்.
கியர்பொக்சோடு நாலு இலட்சத்து எண்பது.
வெள்ளிக்கிழமை லொறி வருகிறது, ஏற்றவா என்கிறான்.
பழையதையே செய்வதென்றால்
பிஸ்டன் லண்டனில் இருந்து வரவேண்டும்.
எவ்வளவு என்று கேட்டேன்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
இலட்சமா, மாதமா, தெரியவில்லை.

முப்பது வருசம் மூதூர் லாஞ்சில்
இஞ்சின் பார்த்தவன் நான்.
கொட்டியாரக் குடா நடுவில்
சனம் சத்தியெடுக்க எடுக்க
இன்ஜெக்டர் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.
லேலண்ட் போய் யன்மார் வந்தது,
யன்மார் போய் கமின்ஸ் வந்தது.
எந்த லாஞ்சும் தன் பெயரை மறக்கவில்லை.
நானும் ஒரு நாள் நித்திரை முழிக்கவில்லை.

"இதயம் மாத்திற மாதிரித்தான், அண்ண."
அந்தக் கதையை என்னிடம் விடாதே என்றேன்.
ஒயில் குடித்து ஒயில் கக்குகிற இரும்பு அது.
வீட்டில் இவள் இன்னும் சுருக்கம்:
"பல்லுக் கட்டேக்க இவ்வளவு யோசிச்சனீங்களோ?"

ஆனால் போன கிழமை, எல்லாரும் படுத்த பிறகு,
ஸ்டார்ட் செய்து
இரண்டு ரூபாய்க் குற்றியை
வால்வு மூடியின் மேல் விளிம்பில் நிறுத்தினேன்.
நின்றது.
ஆறு சிலிண்டரும் கீழே ஓட ஓட நின்றது.
பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு ஒரு நடுக்கம். உருண்டு எங்கோ விழுந்து
இன்னும் அகப்படவில்லை.

டொயோட்டாவில் அது விடியும்வரை நிற்கும்.
தெரியும்.
அப்போது நான் எண்ணமாட்டேன்.

"வெட்டாம இறங்காதோ?"
"நாலு விரல், அண்ண. நாலே நாலு.
பெயின்ற் அடிச்சா ஆருக்குத் தெரியும்?"
ஆருக்கும் தெரியாது.
துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று மட்டும்
எல்லா இடத்தையும் விட்டு
நேரே அங்கேதான் போகும்.

போன் அடிக்கிறது. ஆனந்தபுரிக் கோணாமலை.
மகளுக்குத் தை இருபத்திரண்டு.
"கார் ஓடுமோ?"
"ஓடும்" என்கிறேன்.
எந்த இஞ்சினோடு என்று அவர் கேட்கவில்லை.
முன்பணம் அனுப்ப பாங்க் நம்பர் கேட்கிறார்.

ஹில்மி வருகிறான், எனக்கும் ஒரு பிளேன்ரியோடு.
கீறலைப் பார்க்கிறான்.
என் பெருவிரலைப் பார்க்கிறான்.
வெள்ளையாக இருக்கிறது.

பாதிதான் அழிந்திருக்கிறது.