சாணுக்கு மேல், முழத்துக்குக் கீழ்

ஷூ நாடாவுக்குக் குனிந்தேன்.
லெம்மர் ஊரையே யாரோ
ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள்.
நாலு விநாடி.
நிமிர்ந்தால் கால்வாய், படகு, பூட்டாத சைக்கிள்,
எல்லாம் அதனதன் இடத்தில்.
ஒன்றும் நடக்காத முகத்தோடு நானும்.

இடது காதில் மட்டும்
உஸ்... உஸ்... உஸ்...
வேலையிடத்து மூன்றாம் நம்பர் பம்ப் என்று
இரண்டு மாதம் நம்பியிருந்தேன்.
ஞாயிறு. பம்ப்புகள் ஓய்ந்திருந்தன.
படுக்கையிலும் கேட்டது.
மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்:
தாளம் பிசகவில்லை.
நானேதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

முதல் டாக்டர் மாத்திரை எழுதினார்.
இரண்டாமவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
எடை மெஷினைப் பார்த்தார்.
நூற்றுப் பதினான்கு.
"குறையுங்கள்" என்றார்,
போகும்போது கதவைச் சாத்துங்கள் என்கிற குரலில்.

கண்டுபிடித்தவள் கண்ணாடிக் கடைப் பெண்.
வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம்.
விழித்திரைப் படத்தைப் பெரிதாக்கினாள்.
ஓரம் தெளிந்து வட்டமாய் இருக்க வேண்டிய நரம்பு
ஊறிய பட்டாணி போல் உப்பியிருந்தது.
"இன்றைக்கே க்ரோனிங்கன் போங்கள்" என்றாள்.
பிரேமுக்கு விலை சொல்ல மறந்துபோனாள்.

ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள்.
முழங்காலை வயிற்றோடு ஒட்ட வேண்டும்,
வயிறு இடம் விட்ட வரைக்கும்.
முதுகில் ஊசி. அதன்மேல் நிமிர்ந்து நின்ற குழாய்.
அதில் ஏறியது என் தண்ணீர்,
குடித்துவிடலாம் போலத் தெளிவாக.
டாக்டர் வியார்டா வாய்விட்டு எண்ணினார்:
இருபது. இருபத்தைந்து,
அதற்குள் நின்றிருக்க வேண்டும்.
முப்பது.
முப்பத்தாறு.

சிரித்துவிட்டேன்.
பயிற்சி டாக்டர் அழுகை என்று நினைத்து டிஷ்யூ நீட்டினான்.
சென்டிமீட்டரில்தானப்பா என் பிழைப்பு.
வடிகாலில் பதினொன்று கூடினால்
ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும்:
ஹில்கெமாவின் உருளைக்கிழங்கு அழுகுகிறதாம்.
இதற்கு யார் போன் செய்வார்கள்?
தலைக்கு மேல் போன வெள்ளத்துக்குத்தான்
சாணும் முழமும் ஒன்று.
தலைக்குள் நிற்கிற வெள்ளத்துக்கு
விரற்கடை விரற்கடையாய்க் கணக்கு.

ஏல்கே வாயைத் திறந்தான்.
"அந்த ஜோக் வேண்டாம்" என்றேன்.
வழியெல்லாம் அதைச் சேமித்து வைத்திருந்தவன்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையில்லை என்றார் வியார்டா.
அதுவும் வேலை செய்கிறது, சுரக்கிறது, தூது விடுகிறது.
ஆண்களுடையது என்று பேர் வாங்கிய சில ஹார்மோன்கள்
இந்த நோய் வந்த பெண்களிடம் கூடுதலாய்க் காணப்பட்டிருக்கின்றன.
மூளைக்குள் நீர் ஊறுகிற இடத்தை
அவை முடுக்கிவிடலாம்.
"லாம்," என்று அழுத்தினார். "தேடிக்கொண்டிருக்கிறோம்."

என்னிடம் "லாம்" போட்டுப் பேசிய முதல் டாக்டர்.

கை தானாக மோவாய்க்குப் போனது.
செவ்வாய்தோறும் குளியலறைத் தாழ்ப்பாள் போட்டு
இருபது வருஷமாய்ப் பிடுங்கி எறிகிற நாலு முடி.
ஏல்கேக்குத் தெரியாது.
(தெரியும்.)
அதுவும் இந்தத் தூதின் ஒரு வரிதானா?

என் அக்கா பாவ்க்யே என்னைவிட ஆறு கிலோ அதிகம்.
தலைவலி என்றால் என்னவென்றே அறியாதவள்.
"அப்படியானால் நான் ஏன்?"
வியார்டா இரண்டு கையையும் விரித்தார்.
ஒன்றுமில்லை அவற்றில்.

மாத்திரையில் விரல்நுனியெல்லாம் எறும்பு.
சோடா குடித்தால் நாணயம் நக்கிய ருசி.
நவம்பரிலிருந்து மே வரை பதினைந்து கிலோ.
எப்படி என்று சொல்லமாட்டேன்,
அது பெருமைப்பட்டுக்கொள்ளும் கதையில்லை.
பேக்கரியில், படகுத்துறையில், எல்லாரும்
"அழகாகிவிட்டாய்" என்கிறார்கள்.
கண் பிழைத்ததே என்று
ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று பம்ப் வாயில் அடைத்த பாசியை இழுக்கக் குனிந்தேன்.
ஒரு பொம்மைக் கை, பீர் டப்பா, செத்த விலாங்கு.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
வெளிச்சம் போகவில்லை.
காதில் உஸ் இருந்தது, சற்றுத் தள்ளி.
பார்த்தால் நாடா மறுபடி அவிழ்ந்திருக்கிறது.
கட்டி முடித்த பிறகும்
கொஞ்ச நேரம்
குனிந்தே இருந்தேன்.