பக்கத்துக்கு இரண்டரை

செவ்வாயும் வியாழனும் ஆறேகால் மணிக்கு
வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில்
இருபத்திரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் குந்துகிறோம்.
கண்ணாடிச் சுவர். கீழே மரைன் டிரைவ்.
பாணந்துறை ரயில் கடக்கையில்
தரையில் அடுக்கிய இரும்புத் தட்டுகள்
தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொள்ளும்.

ஷெஹானி பாட்டைப் போட்டால் பார்பெல் தானே ஏறும்.
"தவ அட்டய்!" என்பாள்.
இன்னும் எட்டு.
எட்டு முடிய மறுபடி எட்டு.
அவளுடைய எட்டுக்கு முடிவில்லை,
காப்புறுதிக் கந்தோரில் பதினேழு வருஷம்
கணக்குப் பார்த்தவள் சொல்கிறேன்.

முதல் நாள் எனக்கு வெறும் கம்பி.
மறுநாள் காலை பஸ்ஸில்
மேலே பிடிக்கக் கை எழவில்லை.
கொண்டக்டர் மிச்சக் காசை
என் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் போனான்.

பலம் வந்ததா என்று கேட்டால்
வந்தது.
மறைக்க மாட்டேன்.
எனக்கென்று ஒரு தராசு இருந்தது:
எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் சித்திரையிலிருந்து பழுது.
நான் நான்காம் மாடி.
காஸ் சிலிண்டரை ஏற்ற
வாட்ச்மேன் குலரத்னவுக்கு இருநூறு ரூபாய்.
ஐந்தாம் கிழமை முதல் மாடி வரை நானே.
எட்டாம் கிழமை இரண்டாம் மாடி.
முதுகை வளைக்காமல், குந்தி, குதிகாலை ஊன்றி,
ஷெஹானி சொன்ன மாதிரியே.
குலரத்ன படியில் நின்று "பாவம்" என்றார்,
என்னைப் பார்த்தா, தன் இருநூறை நினைத்தா, தெரியாது.

பிறகு நின்றுபோயிற்று.
பதினான்காம் கிழமையும் இரண்டாம் மாடி.
பதினெட்டாம் கிழமையும்.
மூச்சு நீண்டிருந்தது,
முழுப் பாட்டுக்கும் தொடை தாங்கியது,
வியர்வைக்கும் குறைவில்லை.
சிலிண்டர்தான் மூன்றாம் மாடிக்குச் சம்மதிக்கவில்லை.

குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன்.
பக்கத்துக்கு இரண்டரைக் கிலோ.
பக்கத்துக்கு இரண்டரைக் கிலோ.
நான்கு மாதமாக ஒரே வரி.
உடம்பு கெட்டிக்காரி,
கேட்டதை மட்டும்தான் கொடுப்பாள்.
நாங்கள் கேட்டது இன்னும் எட்டு.

பர்சானாவிடம் சொன்னேன்.
"எனக்கு சிலிண்டர் தூக்க வேணாம்.
இந்த ஒரு மணித்தியாலம்
ஒருத்தரும் என்னை உம்மா எண்டு கூப்பிடுறதில்ல.
அது போதும்" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

அடுத்த வியாழன்
பக்கத்துக்குப் பத்துப் போட்டேன்.
பாட்டு ஓடியது. இருபத்தொரு பேரும் அதோடு ஓடினார்கள்.
நான் ஒரு தரம் குந்தி எழுவதற்குள்
அவர்கள் நாலு தரம்.
கண்ணாடியில் பார்த்தால்
பல்வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் நான்.
ஐந்தோடு கம்பியை இறக்கினேன்.
மூன்று நிமிஷம் இடுப்பில் கை.
அத்தனை பேர் ஆடும் இடத்தில் சும்மா நிற்பது
தூக்கியதைவிடப் பாரம்.

ஷெஹானி வந்தாள்.
ஏசப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.
மைக்கை வாயிலிருந்து தள்ளிவிட்டு
என் குதிகால்களைப் பார்த்தாள்.
காலால் ஒரு சின்னத் தட்டை என் பக்கம் நகர்த்தி
"அடுத்த கிழமை இதுவும்" என்றாள்.
திரும்பி, மற்றவர்களுக்கு:
"தவ அட்டய்!"

அது நடந்து ஒன்பது கிழமை.
இன்று விடிய, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க முன்னமே
காஸ் முடிந்தது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
சிலிண்டரை இறக்கி வைத்திருக்கிறேன்.
இன்னும் பதினெட்டுப் படி.
கீழிருந்து குலரத்ன, வரட்டுமா என்று கேட்கிறார்.
பதில் சொல்ல மூச்சு வேண்டும்,
கொஞ்சம் பொறுக்கட்டும்.