மூன்று மில்லிமீட்டர்

ஹீயுமா தீவிலிருந்து படகில் வந்த உறை.
உள்ளே தடித்த தாள், தாளில் ஐந்து பழுப்பு வட்டம்.
நான்கு நாள் குழந்தையின் குதிகாலிலிருந்து
தார்த்து நகரத்துக்கு இவ்வளவுதான் வந்து சேர்ந்தது.
பெயர்க் கட்டத்தில் 'பெண்' என்று மட்டும்.

விர்வே துளையிடுகிறாள்.
பொட்டு குழிக்குள் விழாமல்
கையுறையில் ஒட்டிக்கொள்கிறது.
ஜனவரி. காற்றில் ஈரமில்லை, எல்லாம் எதிலாவது ஒட்டும்.
"மூச்சு விடாதே" என்கிறாள்.
விடவில்லை.

ஒரு சொட்டுக்கூட இல்லை இது,
சொட்டில் பதினைந்தில் ஒரு பங்கு.
அதற்குள் அந்த நொதி இருக்கிறதா,
இருந்தால் வேலை செய்கிறதா?
நேரே பார்க்க வழியில்லை. இரை வைக்கிறோம்:
சர்க்கரையோடு பூட்டிய ஒரு மூலக்கூறு.
பூட்டிக் கிடக்கும்வரை இருட்டு.
நொதி வெட்டிவிட்டால், காரம் ஊற்றியதும்,
புற ஊதாவில் நீலமாய் எரியும்.
ஆளை அல்ல, ஆள் வெட்டிப் போட்டதை
எண்ணுகிறோம்.

முப்பத்தேழு டிகிரி. இருபது மணி நேரம்.
நான் வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் சூப் குடித்துத் தூங்கி வந்தேன்.

வெறும் தாள் வைத்த குழி: நாற்பத்தொன்று.
அவள் குழி: நாற்பத்து மூன்று.

விர்வே தொலைபேசியைத் தொடவில்லை.
இன்னொரு வட்டம், இன்னொரு இரை,
யாரிடமும் இருக்க வேண்டிய இன்னொரு நொதி.
அதுவும் இல்லை.
"பிள்ளையிடம் இரண்டும் போயிருக்காது.
தாள் செத்திருக்கிறது."

தீவில் செவிலி ஹில்லர் ஒப்புக்கொண்டான்:
படகைப் பிடிக்கும் அவசரம்,
சூடேற்றியின் மேல் வைத்துக் காயவைத்தான்.
விர்வே திட்டவில்லை.
"இன்னொரு தரம் குத்துங்கள். மேசையிலேயே காயட்டும்."

ஐந்து நாள் கழித்து இரண்டாவது உறை.
இப்போது பெயர் இருந்தது: லேலோ.

துணை நொதி: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
தாள் உயிரோடிருக்கிறது என்று
நான் கத்திவிட்டேன்.
பக்கத்துக் குழி: நாற்பத்து நான்கு.
திரும்ப: நாற்பத்திரண்டு.

கையுறையைக் கழற்றிவிட்டு
விர்வே எண்களை அழுத்தினாள்.
மருந்து உண்டு என்று
முதல் வாக்கியத்திலேயே சொன்னாள்;
இல்லாத நொதியையே
நரம்பில் ஏற்றுவார்கள், நாள் தவறாமல் வரவேண்டும்.
அந்தப் பக்கம் யாரோ படகு நேரம் கேட்டார்கள்.

அறையிருட்டில் தட்டைப்
புற ஊதா விளக்கடியில் பிடித்தேன்.
சலவைத்தூள் ஏறிய என் சட்டைக் கை ஒளிர்ந்தது.
யாரோ குடித்து வைத்த டானிக் தண்ணீர் ஒளிர்ந்தது.
உதிர்ந்த ஒரு பஞ்சிழை, தாளின் ஓரம்,
அயலார் பிள்ளைகளின் குழிகள் வரிசையாக.

டி-ஏழு, டி-எட்டு: இல்லை.

நாடா ஒட்டி, தேதி எழுதி,
உறைபெட்டியின் மூன்றாம் தட்டில் வைத்தேன்.