அரை மாத்திரை

பாடம் ஏழு: கடையில்.
அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி
மார்க்கெட் வீதி ஐந்தடியில் பூக்காரர் தெளித்த ஈரத்தைத் தாண்டி
எங்கள் பைக்கடைக்குள் வந்தாள்.
வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம்:
"ஐ ஆம் ஆங்ரி."

விலைச்சீட்டில் தப்பா, விசிறி ஓடவில்லையா,
போன வாரம் விற்ற பையில் ஜிப் போய்விட்டதா,
ஒன்றும் புரியாமல் சாரி சொன்னேன், நாலு தரம்.
அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.
பசி.
இத்தாலியில் ஹ-வை எழுதுவார்களாம், உச்சரிக்க மாட்டார்களாம்.
தமிழிலும் அது இரவல் எழுத்துதான் என்று
இங்கிலீஷில் சொல்ல வராமல்
என் மசால்வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன்.

பெயர் ஓர்னெல்லா.
கணவனுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரண்டு வருட வேலை.
அவளுக்குப் பகல் முழுக்க இருபத்தோராவது மாடி.

என் சட்டையில் குத்தியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டினாள்.
முதலாளி மிஸ்டர் ஊய்க்குப் பதினோரு வருடமாய் நான் 'கோமா',
கண் திறக்காமல் கிடக்கும் நோயாளி மாதிரி.
இவள் கோமளவல்லி என்றாள், முழுசாய்.
அந்த இரட்டை லகரத்தில் நாக்கு ஊன்றி நின்று
அப்புறம்தான் நகர்ந்தது.
சொந்தப் பெயரில் பழகிய நடை.

அவள் புத்தகம் கேட்கச் சொல்லும்:
இதே பை இன்னும் சற்றுப் பெரிய அளவில் கிடைக்குமா, தயவுசெய்து?
நான் சொல்வேன்:
பிக் ஒன் கேன். புளூ கெனாட். லாஸ்ட் பிரைஸ் முப்பத்தெட்டு வெள்ளி.
அதையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.
'பிக் ஒன் கேன்' மேல் அவள் வகுப்பு டீச்சரின் சிவப்புக் கோடு,
தாள் கிழியும் அளவுக்கு.
அவள் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.
எஸ்.பி.எம்.மில் இங்கிலீஷுக்கு நான் வாங்கிய 'ஜி'
பத்தொன்பது வருடம் கழித்து
அடுத்தவள் நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று அவளோடு அதிகம் பேசவில்லை.
பெட்டிகளைத் துடைத்தேன். துடைத்த பெட்டிகளையே மறுபடி துடைத்தேன்.
அவள் ஒரு சின்னப் பையைத் தூக்கி,
"கோமளவல்லி, திஸ் பேக்கு, அவ் மச்சு?" என்றாள்.

பேக்கு.
என் அம்மா சொல்வது மாதிரியே.

மெய்யெழுத்தை அந்தரத்தில் விட மனசு வராமல்
கடைசியில் ஒரு சின்ன உயிரைக் கொடுத்து அனுப்புகிற வாய்.
ஆறாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதினாரே,
பாக்கு, பட்டு, காசு,
குறுகி ஒலிக்கும் உகரம், அரை மாத்திரை.
அது தமிழுக்கு மட்டும் என்றல்லவா எழுதிப் பாஸானேன்!
அந்த அரை மாத்திரையை எந்தக் கடலில் எவர் கப்பலேற்றினார்?

"முப்பது வெள்ளி," என்றேன். "உனக்கு இருபத்தெட்டு."
மிஸ்டர் ஊய் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

புத்தகத்தில் ஒரு வாக்கியம் எனக்கு ஆகாது:
ஜஸ்ட் லுக்கிங்.
சும்மா பார்க்கிறேன் என்றால்
ஏசியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பப் போகிறார்கள் என்று அர்த்தம்.
இதை மட்டும் படிக்காதே என்று
அதன்மேல் நானே கோடு போட்டேன், நீலப் பேனாவால்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது.
இருபத்தெட்டு அங்குலப் பெட்டி, நாலு சக்கரம், கரும்பச்சை.
பேரம் அவளே பேசினாள்,
மிஸ்டர் ஊய் இரண்டு தரம் தோற்றார்.
பணம் கட்டியாயிற்று. ரசீது கிழித்தாயிற்று.
சக்கரத்தை உருட்டி வாசல்வரை போனவள்
பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து
அலமாரிகளுக்கு நடுவில் நின்றாள்.

பாடம் ஏழின் முதல் வரி எனக்கு மனப்பாடம்.
"மே ஐ ஹெல்ப் யூ, மேடம்?"

தொங்கும் பைகளை, விசிறியை, துடைத்த பெட்டிகளை,
என்னை,
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே
"ஜஸ்ட்டு லுக்கிங்கு," என்றாள்.