நூறு மில்லிக்கு

பூசத்துக்கு ஒன்பது நாள்.
ஆறு துறைகள் ஆறு பாட்டில்களில்
ஐஸ் பெட்டிக்குள் குலுங்கியபடி
பாளையங்கோட்டை வந்து சேர்ந்தன.
இரண்டு ராத்திரி இன்குபேட்டரில் அடைகாத்தேன்.
மூன்றாம் நாள் காலை
தலைகீழாய் நிற்கும் சின்னக் குழாய்களில்
குமிழ் கட்டியிருந்தது.

அந்தப் படித்துறையின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
எண் மட்டும்: நூறு மில்லிக்கு ஆயிரத்து அறுநூறு.
அட்டவணைக்கு அதற்குமேல் எண்ணத் தெரியாது.

கொக்கிரகுளத்தில் கூட்டம்.
சன்னலுக்கு வெளியே அதே ஆறு.
"தாமிரம் ஓடுத தண்ணி, கிருமி தங்காதும்மா"
என்றார் மண்டகப்படிக்காரர்.
"முங்குறதே மூடநம்பிக்கை, தடை போடுங்க"
என்றார் எதிரே இருந்தவர்.
மாநகராட்சிக்காரர் வாய் திறக்கவில்லை.
துறைக்கு மேற்கே விழும் சாக்கடை
அவருடையது.
"பேரு எப்சிபாவாம்" என்று பின்வரிசையில் ஒரு குரல்.
விடை கிடைத்துவிட்டதுபோல எல்லோரும் டீ குடித்தார்கள்.
'திருவிழாவுக்குப் பின்' என்ற குறிப்போடு
ஃபைல் மேசையின் இடப்பக்கம் போயிற்று.

என் ஞானஸ்நானத் தண்ணீரும்
குழாய் ஏறி வந்த இதே ஆறுதான்.
சொல்லியிருக்கலாம்.
எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்வார்கள்?

சைக்கிள் ஸ்டாண்டில் குற்றாலநாத பட்டர் நின்றிருந்தார்.
"அபிஷேகத்துக்கு அங்கதான் மொள்றேன்.
கொழந்தேளுக்கும் அதுதான் தீர்த்தம்.
எண்ணிக்கை எங்கம்மா கொறைச்சல்?"

சாக்கடைக்கு மேலே, முந்நூறு தப்படி.
அங்கேயும் பூஜ்யம் இல்லை என்றேன்.

"பூஜ்யம் கேக்கலை" என்றார்.

மறுநாள் ஐந்து மணி இருட்டு.
குடத்தோடு வந்தவர் படியில் இறங்கவில்லை.
பன்றி கிளறிய சேற்றில் கரையோடு நடந்து
சிமெண்டுக் குழாயைத் தாண்டிப் போனார்.
பூக்காரி ஏசினாள்.
முங்க வந்தவர்களில் நாலு பேர்
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள்.
மற்றவர்கள் படியிலேயே முங்கினார்கள்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று தரம்.

ஏழாவது பாட்டிலோடு நானும் போயிருந்தேன்.
வாய் ஓட்டத்துக்கு எதிர்முகமாக,
கை பின்னால்.
அப்போதுதான் கையழுக்கு உள்ளே போகாது.
டிப்ளமோவில் இதற்கு ஐந்து மார்க்.
அவரும் குடத்தை அப்படித்தான் பிடித்தார்.
யார் சொல்லித்தந்ததென்று நான் கேட்கவில்லை.

பாட்டில் சீக்கிரம் நிரம்பிவிட்டது.
மூடியைத் திருகிவிட்டு
குடம் நிறையும்வரை நின்றேன்.
பெட்டியில் ஐஸ்
உருகிக்கொண்டிருந்தது.