கடைமடையில் ஒன்றரை மா

அகஸ்தியம்பள்ளிப் பாத்தியில்
விடியுமுன் உப்பு வாருகிறேன்.
அங்கே வெயில் முதலாளிக்கு வேலை பார்க்கிறது.
பத்து மணிக்குக் கால் கழுவி
மினிபஸ் பிடித்துத் தலைஞாயிறு வந்தால்
அதே வெயில்
எனக்கு.

நான்கு தகடு, தெற்கே சாய்த்து.
கஜாவில் முறிந்த தென்னையின் அடிமரம்தான்
முட்டுக்கால்.
அன்று கடல் ஏறி வந்து
மூன்று நாள் தங்கிவிட்டுப் போன வயல் இது.
போகும்போது
தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஆராய்ச்சிக்கு வந்த ஜெபசீலி
மண்ணில் கம்பிகள் நட்டாள்,
ஒரு வரிசை கூட்டல், எதிர் வரிசை கழித்தல்.
"உப்பு கழித்தல் பக்கமா நடந்து போகும்க்கா" என்றாள்.
நடக்குமா?
முப்பது வருஷம் உப்பைத் தலையில் சுமந்தவள் நான்.
அதற்குக் கால் உண்டென்று
ஒருத்தரும் சொன்னதில்லை.

பதினோராம் நாள்
கழித்தல் கம்பியைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
வழுவழுவென்று, சவுக்காரத் தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு.
பாத்தி உப்பின் ஜாதியில்லை இது.
சோற்றில் போட முடியாது,
எடை போட ஆள் வராது.

குழாயில் வடித்து மூலைக் குழியில் சேர்த்தோம்.
குழி நிறைந்த அன்று
மேலண்டை வயல் உத்திராபதி
மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றான்.
"வாய்க்கால்ல விட்டே, வெட்டு விழும்."
அவன் கோபமும் சரிதான்.
மேட்டூர் திறந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள்
ஊரெல்லாம் கழுவி முடித்த தண்ணீர் அது.
கடைமடை, கடைமடை என்று
மனு எழுதியே பழகிய கை.
எங்களுக்கும் கீழே ஒரு மடை இருக்குமென்று
அன்றைக்குத்தான் உறைத்தது.

குழியில் தார்ப்பாய் விரித்தோம்.
காய்ந்ததைக் கட்டி வைத்ததில் ஒன்பது சாக்கு.
மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது.
எங்கே கொட்டுவதென்று
ஜெபசீலிக்கும் தெரியவில்லை.
கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மூன்று மாதமாகிறது.

ராத்திரி தகடு தூங்கிவிடும்.
ராத்திரியில்தான்
அடிமண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு
உப்பு மறுபடி மேலே வரும்.
காலையில் பார்த்தால்
நேற்றைய வேலையில் கால்வாசி காணோம்.

மீட்டரில்
வைகாசிக்கு ஒன்பது, புரட்டாசிக்கு ஆறரை.
ஆறரையில் நெல் வருமா?
வரும்,
மனசில்லாமல் வரும்.

இருந்தும் குழியடிச்சான் விதைத்தேன்.

இன்றைக்குப் பாத்தியில் சீசனின் கடைசி நாள்.
இருட்டோடு கிளம்பும்போது
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கழித்தல் பக்கம் ஒன்றுமில்லை.
கூட்டல் பக்கமும் இல்லை.
நடுவே மட்டும், ஒரு முழ அகலத்துக்கு,
ஊசி ஊசியாய்.

எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பதோ நாற்பத்தொன்றோ,
வேன் ஹாரன் அடித்துவிட்டது.