வினா பதினான்கு

படிவத்தில் பதினான்காவது வினா:
அவசர வழிகள் தடையின்றித் திறந்துள்ளனவா?
ஆம், இல்லை. இரண்டு சிறு பெட்டிகள்.

பாண்டிருப்பிலிருந்து மேற்கே
தார் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கார்மெண்ட்ஸ்.
நூற்றி எண்பத்தாறு மெஷின். ஒரு முன்வாசல்.
வேலை விட்டதும் பைகளைக் கிண்டிப் பார்க்க ஓர் ஆள்.
பின்கதவில் பித்தளைப் பூட்டு.
கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது,
மனேஜரின் மேசைக் காலைத் தின்கிறது,
பூட்டு மட்டும் பளபளக்கிறது.
'நூல் களவு போகுது மிஸ்' என்றார்,
பால் தேத்தண்ணியையும் லெமன் பப்பையும்
என் பக்கம் தள்ளிக்கொண்டே.
'திறப்பு என்னட்டத்தான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க.'

நான் யோசித்தது நியூயோர்க்கை.
வந்தாறுமூலையில் இரண்டாம் வருடம்
மங்கிய போட்டோக் கொப்பியில் பாடமாக்கியது:
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று, மார்ச், ஒரு சனிக்கிழமை,
வேலை விட ஐந்து நிமிடம்.
ஒன்பதாம் மாடி. பூட்டிய கதவு.
அங்கேயும் களவுக்குப் பயந்துதான்.
நூற்று நாற்பத்தாறு பேர்,
பலர் அந்த நாட்டின் மொழிக்கு இன்னும் நாக்குப் பழகாதவர்கள்.
பிறகு ஊர்வலங்கள், விசாரணைக் குழு, சட்டங்கள்.
'சீர்திருத்த காலம்' என்று அடிக்கோடிட்டு
ஆறு காரணங்கள் எழுதினேன்,
எழுபத்தொரு புள்ளி.
இடம் போதாமல் விட்டது ஒன்று:
வழக்கில் விடுதலையான முதலாளிகளில் ஒருவன்
இரண்டு வருடத்தில் இன்னொரு கதவைப் பூட்டி
இருபது டொலர் தண்டம் கட்டினான்.

அந்தச் சட்டங்களின் பேரப்பிள்ளை
இங்கே மூன்று மொழியில், லெமினேட் செய்யப்பட்டு,
பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இல்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.
ஒரு கடிதம். ஒரு ஞாபகமூட்டல் கடிதம்.
'இருநூறு வீட்டுச் சோறு பிள்ள, மெல்லமாப் போங்க'
என்றார் கந்தோரில் எனக்கு மேலே இருப்பவர்.
மூன்றாம் முறை போனேன்.
அதே பூட்டு. அதே பளபளப்பு.

கழிப்பறைக்குப் போகும் நடையில் மறித்தார்கள்
கிருபரஞ்சினியும் றிஸ்மியாவும்.
றிஸ்மியா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.
சோறு, கீரை, ஒரு துண்டு சூரை மீன்.
மூடியின் உட்பக்கம் டேப்பால் ஒட்டிய திறப்பு.

'மனேஜர் கை கழுவப் போன நேரம்
சவுக்காரத்துல அச்செடுத்த நாங்க.
கல்முனைச் சந்தையில வெட்டினது, ஆளுக்கு அஞ்சு ரூவா.
ஒரு நாளைக்கு ஒராள் கொண்டு வாற.
நேத்து கோமளேஸ்வரி, நாளைக்கு பர்சானா.
போன மாசம் கரண்ட் போகக்குள்ள திறந்து பாத்தம்,
முப்பத்தெட்டுப் பேர் வயலுக்குள்ள இறங்கி நிண்டுட்டு
கரண்ட் வர முதல் மெஷினுக்கு வந்துட்டம்.
சூப்பவைசர் முன்வாசல்ல நிண்டவர்,
எங்கட பைகளுக்குக் காவலா.
மறுகா, கிழமைக்கு ரெண்டு தரம்
பூட்டுக்கு மெஷின் எண்ணெய் விடுற.
இறுகிப் போனா அந்த நேரம் என்ன செய்யிற?'

கிருபரஞ்சினி என் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
'எழுதப் போறீங்களா மிஸ்?'

திறப்பைத் தொட்டுப் பார்த்தேன். சோற்றுச் சூடு.
என் பைக்குள் அரச முத்திரை ஒன்று கிடக்கிறது,
ஊதா மை, நடுவில் சிங்கம்.
இந்த மூன்று முறையில் அது
ஒரு கதவையும் அசைக்கவில்லை.

வினா பதினான்கு: இல்லை.
ஏனைய குறிப்புகள் என்ற கட்டத்தில்
பேனையை ஊன்றியபடி நெடுநேரம் இருந்தேன்.
மை ஊறி ஒரு புள்ளி பெருத்தது.
பிறகு எழுதினேன்:
'பின்கதவின் பூட்டு நல்ல நிலையில் உள்ளது.
ஒழுங்காக எண்ணெய் இடப்படுகிறது.'

மனேஜர் கண்ணாடியைப் போட்டு
இரண்டு தரம் வாசித்தார்.
'தேங்ஸ் மிஸ்' என்றார்.